போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷம் போதாதா?



சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது: “ஃப்ளூ ஊசி போட்டும் அத்தாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு அந்த ஊசி?” இதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். “பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தடவை போட்டால் போதும் என்கிறீர்கள். இதை மட்டும் வருஷா வருஷம் போடச் சொல்கிறீர்களே, இது வியாபாரமா?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். கையிலிருந்து காசு போகும் விஷயத்தில் இப்படிக் கேட்பதுதான் சரி. பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு கப்பலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் பகுதியின் பழைய குடும்பங்களில் ‘ரஜூலா’ என்ற பெயரைக் கேட்டிராதவர்கள் குறைவு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போய்த் திரும்பிய கப்பல் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. செட்டியார் கடைகளில் கணக்கெழுதப் போனவர்களும், நம்மவர்களில் மலாயாவில் கடை வைத்தவர்களும், பிழைப்புத் தேடிப் போனவர்களும் அதில்தான் ஏறினார்கள். 1957ஆம் ஆண்டு மே மாத நடுவில் அந்தக் கப்பல் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, பயணிகளோடு ஒரு புது வகைக் காய்ச்சலும் வந்து இறங்கியது. அந்த ஆண்டின் முதல் மாதங்களில் சீனாவில் தோன்றி, ஏப்ரலில் ஹாங்காங்கையும் அடுத்துச் சிங்கப்பூரையும் படுக்கவைத்த ‘ஆசிய ஃப்ளூ’ அதுதான். இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம் சென்னை.

மே மாதம் முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை நாடு முழுவதும் ஏறத்தாழ 44 லட்சம் பேருக்கு நோய் வந்ததாகப் பதிவானது. பதிவான மரணங்கள் ஆயிரத்துக்கும் மேல். அன்று நாட்டின் மக்கள்தொகை 36 கோடி என்றுதான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே படுத்து எழுந்தவர்களும், வீட்டிலேயே மவுத்தானவர்களும் இந்தக் கணக்கில் எவ்வளவு பேர் விடுபட்டிருப்பார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம். நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில்தான் அப்போது இந்தியாவின் இன்ஃப்ளூயன்ஸா ஆய்வு மையம் இருந்தது. இந்த விவரங்கள் அங்கே தொகுக்கப்பட்டவை.

ஃப்ளூ அதற்கு முன்பும் இந்தியாவில் இருந்தது. அப்படியிருக்க 1957இல் மட்டும் ஏன் ஒரே வீச்சில் இத்தனை பேர் விழுந்தார்கள்? வைரஸின் மேலாடை முழுதாக மாறியிருந்ததே காரணம்.

அந்த மேலாடையைக் கொஞ்சம் பார்ப்போம். இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. ஒன்று நம் மூக்கு, தொண்டை, நுரையீரல் செல்களில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய உதவுவது. இதன் சுருக்கப் பெயர் ‘எச்’. மற்றொன்று, உள்ளே பெருகிய புது வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேற உதவுவது. இதன் பெயர் ‘என்’. செய்தித்தாள்களில் வரும் எச்1என்1, எச்3என்2 என்ற பெயர்கள் இந்த இரண்டின் வகை எண்கள்தாம். நம் உடம்பு ஒரு தடவை ஃப்ளூவைச் சந்தித்தாலோ, ஊசி போட்டுக்கொண்டாலோ, இந்த முட்களின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே வடிவம் வந்தால் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்கள் ஓடிப்போய் முள்ளின் நுனியை மூடிவிடும். ஒட்டிக்கொள்ள வழியில்லாமல் வைரஸ் அடங்கிவிடும். வடிவம் மாறிவிட்டால் இந்த மூடி பொருந்தாது.

வடிவம் எப்படி மாறுகிறது? நம் ஊர்ப் பேரேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். வைரஸின் முழு விவரமும் சுமார் 13,500 எழுத்துகள் கொண்ட ஒரு கணக்கு. அது எட்டுத் தனித்தனித் தாள்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் அந்தத் தாள்கள் ஆயிரக்கணக்கில் நகலெடுக்கப்படுகின்றன. நம் உடம்பின் செல்கள் தங்கள் விவரத்தை நகலெடுக்கும்போது, எழுதியதைத் திரும்பப் படித்துப் பிழை திருத்தும் ஓர் ஏற்பாடு உண்டு. ஃப்ளூ வைரஸிடம் அது இல்லை. சரிபார்க்க ஆளில்லாத கணக்குப்பிள்ளை வேகமாக எழுதித் தள்ளுவது போல, நகலுக்கு நகல் அங்கொரு எழுத்தும் இங்கொரு எழுத்தும் தவறும். பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்குத்தான் நஷ்டம். அந்த நகல் உருப்படாமல் போகும். எப்போதாவது ஒரு பிழை முள்ளின் நுனியைச் சற்றே வளைத்துவிடும். நம்மிடம் இருக்கும் பழைய மூடி அதில் சரியாக உட்காராது. ஊரில் பலருக்கும் பழைய வடிவத்துக்கு எதிர்ப்பு இருப்பதால், வளைந்த முள் கொண்ட நகலே பிழைத்துப் பரவும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் மாற்றம் வருஷம் முழுக்க, உலகம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. இந்த வகையில் எல்லோரையும் அதிகம் அலைக்கழிப்பது எச்3என்2.

1957இல் நடந்தது வேறு. வைரஸின் கணக்கு எட்டுத் தனித் தாள்களாக இருப்பதால் ஒரு விபரீதம் சாத்தியமாகிறது. மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே செல்லுக்குள் புகுந்தால் இரண்டு பேரேடுகளின் தாள்கள் கலந்துபோய், புதிதாக ஒரு கட்டு உருவாகும். அந்த ஆண்டு வந்த எச்2என்2 வைரஸின் எட்டுத் தாள்களில் மூன்று பறவை வைரஸிலிருந்து வந்தவை. மேலாடையின் இரண்டு புரதங்களும் அந்த மூன்றில் அடக்கம். அன்றிருந்த பெரும்பாலோர் உடம்புக்கு அந்த வடிவம் முற்றிலும் புதிது. ரஜூலாவில் வந்தது அப்படிப்பட்ட அந்நியன். 1968இல் இதே முறையில்தான் எச்3என்2 பிறந்தது. 2009இல் பன்றிகளிடையே கலந்த தாள்களிலிருந்து புதிய எச்1என்1 வந்தது. அப்போது ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். வழக்கமாக ஃப்ளூவால் அதிகம் பாதிக்கப்படும் முதியவர்கள், அந்த ஆண்டு இளைஞர்களைவிடக் குறைவாகவே நோயுற்றார்கள். 1957க்கு முன்பு உலவிய பழைய எச்1என்1 வகையை அவர்களின் உடம்பு சின்ன வயதில் பார்த்து வைத்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்தும் அந்த நினைவு கைகொடுத்தது.

தட்டம்மைக் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தட்டம்மை வைரஸும் பிழையோடுதான் நகலெடுக்கிறது. ஆனால் அதன் மேலாடையில் வளைவு வந்தால் அந்த வைரஸால் செல்லுக்குள் நுழையவே முடியாமல் போகிறது. அதனால் பல பத்தாண்டுகளாக ஒரே வடிவத்தில் நிற்கிறது, பழைய ஊசியும் பலிக்கிறது. ஃப்ளூவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வருஷா வருஷம் ஊசி போடச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, ஃப்ளூ ஊசி தரும் எதிர்ப்பு சில மாதங்களிலேயே தேயத் தொடங்கும். வைரஸ் மாறாமல் இருந்தாலும் அடுத்த ஆண்டுக்கு அது முழுதாகப் போதாது.

இனி ஊசி தயாராகும் வழி. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் நோயாளிகளின் மூக்கு, தொண்டைச் சளி மாதிரிகளைச் சோதித்து, எந்த வகை உலவுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கின்றன. 1952 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. இந்தியாவில் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இதில் முக்கியமானது. நம் மாநிலத்தில் சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நிபுணர்கள் கூடி, அடுத்த பருவத்துக்கு எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். பிப்ரவரியில் எடுக்கும் முடிவு பூமியின் வடபாதிக்கு. செப்டம்பரில் எடுப்பது தென்பாதிக்கு. முடிவுக்குப் பிறகு ஊசி மருந்து கைக்கு வர ஆறு மாதம் போல ஆகும். பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் கோழி முட்டைக்குள்தான் வைரஸை வளர்த்துப் பெருக்குகின்றன. இந்தக் காலத்திலும் முட்டையா என்று தோன்றலாம். ஆனால் நிலைமை அதுதான்.

அந்த ஆறு மாத இடைவெளியில்தான் சிக்கல். 2014 பிப்ரவரியில் வடபாதிக்கான ஊசி முடிவானது. அதன் பிறகு எச்3என்2 நகர்ந்துவிட்டது. குளிர்காலம் வந்தபோது அமெரிக்காவில் பரவிய எச்3என்2 வைரஸ்களில் பெரும்பகுதி ஊசியில் இருந்த வடிவத்தோடு பொருந்தவில்லை. அந்தப் பருவத்தில் ஊசியின் பலன் 19 சதவீதம்தான் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே கணக்கிட்டு வெளியிட்டது. நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் இது 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். முட்டையாலும் சில ஆண்டுகளில் இடைஞ்சல் வருகிறது. கோழிக் கருவுக்குள் வளரப் பழகும்போது வைரஸின் முள்ளே சற்று மாறிவிடும். நிபுணர்கள் தேர்ந்தெடுத்தது சரியாக இருந்தும், ஊசியில் இறங்கியது சற்றே வேறாகிவிடும். 2016-17 பருவத்து எச்3என்2 ஊசியில் இப்படித்தான் நடந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். இதைத் தவிர்க்கவே முட்டை இல்லாமல் தயாரிக்கும் முறைகளும் வந்திருக்கின்றன.

இந்தச் சதவீதம் பற்றி நம்மிடையே ஒரு குழப்பம் இருக்கிறது. 40 சதவீதம் பலன் என்றால், ஊசி போட்ட 100 பேரில் 60 பேருக்கு ஃப்ளூ வரும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஊசி போடாத 1,000 பேரில் 100 பேருக்கு ஃப்ளூ வருகிறது. அவர்களைப் போன்ற இன்னொரு 1,000 பேர் ஊசி போட்டிருந்தால் 60 பேருக்கு வரும். குறைந்த அந்த 40 பேர்தான் 40 சதவீதம். மருத்துவரிடம் போகும் அளவுக்கு நோய் வருவதை வைத்துத்தான் பெரும்பாலும் இப்படி அளக்கிறார்கள். நோய் வந்தவர்களிலும், ஊசி போட்டவர் ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலைக்கும் தீவிர சிகிச்சைக்கும் போவது குறைகிறது. ஆக, அத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது உண்மையாக இருக்கலாம். ஊசி போடாமல் இருந்திருந்தால் அது நெஞ்சுச் சளியாகி நிமோனியாவில் முடிந்திருக்குமா என்பதை வீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வராமல் போனது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அது ஃப்ளூதானா என்பதும் ஒரு கேள்வி. மழைக்காலக் காய்ச்சலை எல்லாம் நாம் ஃப்ளூ என்று சொல்லிவிடுகிறோம். சளிக் காய்ச்சலைக் கொடுக்கும் வைரஸ்கள் நிறைய உண்டு. ஃப்ளூ ஊசி ஃப்ளூவை மட்டுமே தடுக்கும். டெங்குவையோ கொரோனாவையோ தடுக்காது. கொரோனா ஊசி ஃப்ளூவைத் தடுக்காது என்பதும் அப்படியே. ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது என்பது தவறு. கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் பெருக முடியாது. ஒன்றிரண்டு நாள் கை வலியும் லேசான உடம்புச் சூடும் இருக்கலாம்.

நம் ஊருக்கு மிக முக்கியமானது ஊசி போடும் மாதம். காஷ்மீரில் ஃப்ளூ ஜனவரியிலிருந்து மார்ச் வரை உச்சத்தில் இருக்கிறது. டெல்லி, லக்னோ போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் உச்சம் அக்டோபர், நவம்பரில், அதாவது நம் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தெரிந்தது. நமக்கும் பெரிய மழை அதுதான். ஊசி போட்டு எதிர்ப்பு முழுமையாக உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள், அதாவது செப்டம்பரில் போட்டுக்கொள்வது நம் வானிலைக்குப் பொருத்தம். தப்பிவிட்டால் அக்டோபரில் போட்டாலும் பலன் உண்டு. வழக்கத்துக்கு மாறாகவும் சில ஆண்டுகள் அமைவதுண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. பக்கத்தில் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறையே விட்டார்கள்.

மருந்துக் கடையில் வாங்கும்போது அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பருவத்துக்கான தயாரிப்பு என்று ஆண்டு போட்டிருக்கும். சென்ற பருவத்து மிச்சத்தை வாங்காதீர்கள். காலாவதித் தேதியையும், கடையில் அது ஃப்ரிட்ஜில் இருந்ததா என்பதையும் கவனியுங்கள். முன்பு நான்கு வகைகள் சேர்ந்த ஊசி அதிகம் வந்தது. இப்போது மூன்று வகை ஊசிகள் வருகின்றன. குறைத்து ஏமாற்றுகிறார்களோ என்று எண்ண வேண்டாம். நான்காவதாக இருந்த ‘பி யமகாட்டா’ என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கொரோனா ஊரடங்கில் மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் இருந்தபோது அது ஓய்ந்துவிட்டது போலத் தெரிகிறது. அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் போட வசதியில்லை என்றால் யாருக்கு முதலில்? எங்கள் கருத்து இது: கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள். கர்ப்பிணிக்குப் போடுவதில் இரட்டைப் பலன். தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், அந்தப் பிள்ளைக்கு அதுவே காவல். நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. பெரும்பாலும் காசு கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. நல்ல வசதியில் இருக்கும் நம் இளைஞர்கள் பலர் வருஷா வருஷம் போட்டுக்கொள்கிறார்கள். அதே வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியம்மாவுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அந்த வரிசையை மாற்றலாம்.

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பல நாட்டு மக்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் பல நாட்டு வைரஸ்களும் கூடும். ஹாஜிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். முதியவர்களுக்கும் நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கும் ஃப்ளூ ஊசியையும் சவூதி அரசு பரிந்துரைக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் போட்டுக்கொள்வதில் பயனில்லை. குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக முடித்துவிட வேண்டும்.

ஊசியில் பன்றி சம்பந்தப்பட்ட பொருள் இருக்கிறதா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கில் பீய்ச்சும் ஃப்ளூ மருந்தில் பன்றி ஜெலட்டின் உண்டு. அதை விரும்பாத குடும்பங்களுக்கு அந்த ஜெலட்டின் இல்லாத ஊசியை அங்கே கொடுக்கிறார்கள். 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கம், வேறு பொருளாக முழுதும் மாறிவிட்ட ஜெலட்டின் பற்றி அனுமதிக்கும் கருத்தையே வெளியிட்டது. ஆலிம்களிடையே இதில் கருத்து வேறுபாடும் உண்டு. உங்களுக்குப் போடப்போகும் ஊசியின் சேர்மானம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். அதை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். மார்க்க ரீதியான சந்தேகத்தை நம் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? கடையில் ‘செட் மாத்திரை’ கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் வேரோடி இருக்கிறது. அந்தச் செட்டில் அநேகமாக ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். அது பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூ வைரஸை அது தொடாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கம் இதை வெளிப்படையாகவே எச்சரித்தது. மழைக்காலத்தில் டெங்குவும் உலவுவதால், மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிலவேம்புக் கஷாயம் குடிக்கிற வழக்கமுள்ளவர்கள் குடிக்கலாம். அதை ஊசிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஃப்ளூவுக்கென்று ஓசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன வரிசையில் உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், சளியில் ரத்தம், குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், பெரியவர்கள் திடீரென்று ஆளை மறந்து பேசுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அது இரவு இரண்டு மணியானாலும் 108ஐ அழைத்துவிடுங்கள்.